அனுப்பியதெல்லாம் விற்றதாகுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆலையிலிருந்து டீலர்களுக்குப் போகும் வாகன விநியோகத்தைக் கணினி மாதிரிகளைக் கொண்டு சீராக்குவது பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை, எந்த லாரி எந்த வழியில் போக வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. அது பழைய கேள்விதான். எண்ணெய் முனையத்திலிருந்து பெட்ரோல் நிலையங்களுக்கு டேங்கர் லாரிகளை அனுப்பும் முறையை ஆய்வாளர்களான டான்ட்சிக்கும் ராம்சரும் 1959-லேயே கணக்காக எழுதிக் காட்டிவிட்டார்கள்.

கார் ஏற்றும் டிரெய்லருக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. கடைசியாக ஏறிய வண்டிதான் முதலில் இறங்க முடியும். உள்ளே நிற்கும் வண்டி முதல் டீலருக்கு உரியதென்றால், அதற்குப் பின்னால் நிற்பவற்றை இறக்கி, மறுபடி ஏற்றியாக வேண்டும். இதில் நேரமும் போகிறது, பெயின்டில் கீறலும் விழுகிறது. தூரத்தை மட்டும் குறைத்து, ஏற்றும் வரிசையை விட்டுவிடும் மாதிரியால் பெரிய லாபமில்லை.

இதைவிட முக்கியமானது, மாதிரிக்குள் எந்தத் தேவையைப் புகுத்துகிறோம் என்பது. டீலருக்கு அனுப்பிய வண்டியையே விற்ற வண்டியாக எழுதிக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. அந்த எண்ணை நம்பி அடுத்த மாத உற்பத்தியைத் திட்டமிட்டால், டீலரின் யார்டில் பேட்டரி இறங்கி, வட்டி ஏறி நிற்கும் வண்டிகளும் மக்கள் கேட்டு வாங்கியவையாகவே தெரியும். சில்லறை விற்பனை 10 விழுக்காடு கூடினாலே, ஆர்டர்கள் கைமாறி ஆலையை எட்டும்போது ஏற்ற இறக்கம் பன்மடங்காகிவிடும் என்பதை அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1958-இல் இத்தகைய மாதிரி ஒன்றின் மூலமே விளக்கினார்.

2020-இல் விற்பனை சரிந்ததும் கார் நிறுவனங்கள் பல சிப் ஆர்டர்களைக் குறைத்தன. தேவை திரும்பியபோது சிப் ஆலைகளின் அந்த உற்பத்தித் திறன் மின்னணுப் பொருள்களுக்குப் போயிருந்தது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பின் சிப்களை மாதக்கணக்கில் இருப்பு வைக்க ஏற்பாடு செய்திருந்த டொயோட்டா தொடக்கத்தில் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஒரே முன்கணிப்பை நம்பாமல், சரக்கு வராமல் போனால் என்ன ஆகும் என்றும் ஓட்டிப் பார்ப்பதற்கே மாதிரி வேண்டும். வண்டி வாடகையை மிச்சப்படுத்துவது அதற்கு அடுத்தபடிதான்.

மாதாந்திர வாகன விற்பனைச் செய்திகளை வெளியிடும்போது, டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கையையும் வாடிக்கையாளர் கைக்குப் போன எண்ணிக்கையையும் தனித்தனியே தருமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்