அந்த ஒரு கேள்விக்கு நன்றி

எனக்கு உதவியவர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பெயரில்லாமலே நன்றி சொல்கிறேன்.

பழைய சென்ட்ஓஎஸ் 6 (ரெட் ஹேட் வகை லினக்ஸ்) சர்வர் ஒன்று. ரீபூட் செய்யும்போதெல்லாம் அதிலிருந்த டேட்டாபேஸ் அரைகுறையாகச் செத்து, எழுந்ததும் 10 நிமிடம் ரெகவரி ஓட்டிக்கொண்டிருக்கும். ஷட்டவுனில் அதை ஒழுங்காக நிறுத்த வேண்டிய ஸ்டாப் ஸ்கிரிப்ட் நான் எழுதியதுதான். கையால் ஓட்டினால் சமர்த்தாக வேலை செய்யும், ரீபூட்டின்போது ஓட வேண்டியவை இருக்கும் ஆர்சி6.டி ஃபோல்டரில் கே15 என்று தொடங்கும் லிங்க்கும் இருந்தது (கே என்றால் நிறுத்து, 15 வரிசை எண்), ஆனாலும் ஷட்டவுன் நேரத்தில் அது ஓடியதற்கு லாக்கில் ஒரு வரிகூடக் கிடையாது. மூன்று இரவு பெர்மிஷன், வரிசை எண், பாத் என்று கண்ட இடத்திலெல்லாம் தோண்டினேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்டார்ட் ஆகும்போது /வார்/லாக்/சப்சிஸ்-க்குள் ஒரு ஃபைல் போடுகிறீர்களா?" போடவில்லை. அங்கே ஸ்கிரிப்டின் பெயரிலேயே ஒரு ஃபைல் இருந்தால்தான் அந்த சர்வீஸ் ஓடிக்கொண்டிருப்பதாக பழைய ரெட் ஹேட் வகை லினக்ஸின் ஆர்சி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் ஸ்கிரிப்ட்) எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் கே ஸ்கிரிப்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். (ஒரு எச்சரிக்கையாவது காட்டக் கூடாதா?)

சரி, ஸ்டார்ட்டில் அந்த ஃபைலை உருவாக்க ஒரு டச், ஸ்டாப்பில் அதை அழிக்க ஒரு ஆர்எம் சேர்த்தேன். அப்புறமும் ஓடவில்லை! ஸ்கிரிப்ட் பெயரில் ஹைபன், நான் போட்ட ஃபைலில் அண்டர்ஸ்கோர். அதையும் திட்டாமல் கண்டுபிடித்துச் சொன்னார். மாற்றிய பிறகு சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னதும் அவர்தான், நானாக இருந்தால் புது ஃபைல் உருவாகாமலேயே நேராக ரீபூட் அடித்திருப்பேன்.

நேற்று ரீபூட்டில் ஸ்டாப் வரி திரையில் ஓடியது, ரெகவரி வரவில்லை. ரொம்ப நன்றிங்க.