ஒரு சார்ஜன்ட்டுக்கு மாற்று ஆள் எங்கே கிடைப்பார்?

மாண்புமிகு பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவில் நம் வீரர்கள் 14 பேர் இறந்தபோது நாடே துக்கம் அனுசரித்தது. உயிரோடு திரும்பியும் மனக்காயத்தோடு தவிப்பவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

அவர்களில் ஒருவன் என் அக்கா மகன். ராத்திரி தெருவில் யாராவது கேட்டை இழுத்தால் போதும், டார்ச்சை எடுத்துக்கொண்டு மதிலோரமாக ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் படுப்பான். காவடி அன்று கோயில் கூட்டத்துக்குள் வர மறுத்து, வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் போகலாம் என்றால், "ஃபைல்ல எழுதிட்டாங்கன்னா அடுத்த தடவை அனுப்ப மாட்டாங்க மாமா" என்கிறான். வெளிநாட்டுப் பணிப்படியை நம்பித்தான் அவனுடைய வீட்டுக் கடன் ஓடுகிறது.

நம் பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கை கடிக்கிறது என்பது புரிகிறது. சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். இப்படிக் காயப்பட்டவருக்குச் சிகிச்சை தராமல், அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவரை எடுத்தால், ராணுவத் திறன் வளர்ப்புத் திட்டத்தில் இரண்டு ஆண்டு சம்பளம், சாப்பாடு, சீருடை, பயிற்சி. அதன் முடிவில் வருபவரும் ஓர் இளம் சிப்பாய்தான். பத்து வருஷம் ஆட்களை நடத்திப் பழகிய சார்ஜன்ட் அந்த முகாமிலிருந்து வரமாட்டார். பிடிஎஸ்டி என்ற இந்த மனக்காயத்துக்கு நன்கு சோதித்துப் பார்த்த பேச்சு சிகிச்சைகளில் ஒன்று வழக்கமாக 12 அமர்வில் முடிகிறது. எல்லோருக்கும் அது மட்டும் போதாது, சிலருக்கு மருந்தும் கூடுதல் காலமும் வேண்டும். அப்படியும், நல்ல சிகிச்சைக்கு ஆகும் செலவு இரண்டே ஆண்டில் திரும்பிவிடும் என்று அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் சொன்னது. அது அவர்கள் நாட்டுக் கணக்கு. நம் படைக்கான கணக்கை உங்கள் துறை போட்டு, நாடாளுமன்றத்தில் வையுங்கள்.

அந்தக் கணக்கில் ஒன்றை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை தராமல் வெளியே அனுப்பினால் செலவு நின்றுவிடாது. அரசு ஆஸ்பத்திரியின் தலையிலும் என் அக்காவின் தலையிலும்தான் விழும்.

சிகிச்சையில் இருக்கும் வீரரின் படியை வெட்டாதீர்கள். அவர் டாக்டரிடம் பேசுவது கமாண்டர் மேஜைக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். படைக்கு வெளியே உள்ள மனநல நிபுணரிடம் துறைச் செலவிலேயே போகவிடுங்கள். அடுத்த படைப்பிரிவு கிளம்புவதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வீரனின் தாய்மாமன்