பலகை வைப்பவர்களுக்கு, சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

சேலம் மாநகரிலும் சேர்வராயன் மலையிலும் பெயர்ப்பலகை, வழிகாட்டிப் பலகை, எச்சரிக்கைப் பலகை வைக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மாநகராட்சிக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று, நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று, மருத்துவமனைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் தெருவில் நடக்கிறவர்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை எல்லாம் தெரியாது. கம்பத்தில் நின்றால் அது ‘கவர்மெண்ட் போர்டு’, அவ்வளவுதான். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். எந்த ஒரு அலுவலகத்தின் மீதும் புகார் வாசிக்க இதை எழுதவில்லை. இந்த ஊரின் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் தோன்றியதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் மிரட்டும் பலகைகள் பல மொழி பேசுகின்றன. உதவும் பலகைகள் ஒரு மொழியோடு, மிஞ்சிப்போனால் ஒன்றரை மொழியோடு நிறுத்திக்கொள்கின்றன.

‘இங்கே எச்சில் துப்பாதீர்’, ‘அனுமதி இல்லை’, ‘மீறினால் அபராதம்’, ‘கேமரா கண்காணிப்பு’. இவை தமிழில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும், வட மாநிலத் தொழிலாளர்கள் நடமாடும் இடம் என்றால் இந்தியிலும் இருக்கும். கட்டடம் எழும்பும் இடத்துத் தகர வேலியிலும் ஆலை வாசலிலும் லாட்ஜ் மாடிப்படியிலும் பாருங்கள். ஆனால் சீட்டு எங்கே போடுவது, மருந்து எங்கே வாங்குவது, கூலி தராமல் இழுத்தடித்தால் யாரிடம் சொல்வது, எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லும் பலகைகளுக்கு வந்தால், அந்த இந்தியைக் காணோம். தப்பு செய்துவிடுவான் என்றால் அவன் மொழியில் எழுதுகிறோம். வழி தெரியாமல் நிற்பான் என்றால் நம் மொழியில் எழுதுகிறோம்.

‘சேலத்தில் நின்றுகொண்டு இந்திக்கு வக்காலத்தா?’ என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அந்த வரலாற்றைச் சேலத்துக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1917இல் இந்த ஊர் நகராட்சிக்குத் தலைவரான ராஜாஜிதான், 1938இல் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். போராட்டம் வலுத்து 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944இல், இதே சேலத்தில் கூடிய மாநாட்டில். பலகைக்காகவே நடந்த போராட்டமும் உண்டு. 1953இல் டால்மியாபுரம் ரயில் நிலையப் பலகையின் மேல் கல்லக்குடி என்ற பெயரை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் போய்ப் படுத்தார் கருணாநிதி. பலகைக்கு இரண்டு வேலை, ஒன்று தகவல் சொல்வது, இன்னொன்று இங்கே யார் பெரியவர் என்று காட்டுவது என்று லாண்ட்ரி, பூரிஸ் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் 1997இல் எழுதினார்கள். நம்மவர்கள் அதைத் தண்டவாளத்தில் படுத்தே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ஊர்ப்பெயர், தெருப்பெயர், அலுவலகப் பெயர் ஆகியவற்றில் தமிழ் முதலில், தமிழ் பெரிதாக. இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. மத்திய அரசின் 1976ஆம் ஆண்டு அலுவல் மொழி விதிகளே, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றுதான் தொடங்குகின்றன. என் கேள்வி அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது அல்ல. முதல் வேலையை ஒழுங்காகச் செய்கிறோமா என்பதுதான்.

அதை ஒழுங்காகச் செய்கிறவர் யார் என்று பார்த்தால், வியாபாரி. சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் மூட்டை மூட்டையாகப் போகிறது. நம்மைவிட அங்கேதான் அதற்கு மவுசு. விரத நாளில் சாபுதானா கிச்சடி இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. அதனால் மூட்டையில் இந்தி இருக்கிறது. அந்த மூட்டையில் யாரும் தார் பூசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெள்ளிக் கொலுசும் அப்படித்தான், வடக்கே போகிற சரக்கு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வியாபாரம் பேசுகிறவர்கள் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிப் பேசி முடித்துவிடுவார்கள். ஜங்ஷன் பக்கத்துச் சின்ன மொபைல் கடையில் அட்டையைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் இந்தியில் ‘பணம் அனுப்பப்படும்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். எழுத்து கோணல், பிழையும் இருக்கும். ஆனால் படிக்க வேண்டியவர் படித்துவிடுகிறார். எந்த ஆணையும் இல்லாமல், எந்தத் திட்ட நிதியும் இல்லாமல் வைத்த பலகை அது. ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த அட்டையைவிட நல்ல ஆவணம் இல்லை.

இதற்கு நேர்மாறாக, ஊரில் பலகையே இல்லாத மொழிகளும் உண்டு. குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாபேட்டை என்று தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பகுதிகளில் வீட்டுக்குள்ளே தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுகின்றன. கோட்டைப் பக்கம் உருது. சௌராஷ்டிரத்துக்குச் சொந்த எழுத்தே இருக்கிறது, கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யூனிகோடிலும் 2008இல் இடம் பிடித்துவிட்டது. ஆனால் சேலத்துத் தெருவில் அந்த எழுத்தைத் தேடினால் கண் வலிக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள், தமிழில் கடிதம் எழுதுகிறார்கள், கல்யாணப் பத்திரிகையும் தமிழில்தான். அவர்களுக்கு வழி சொல்லத் தமிழே போதும். பேச்சு மொழிக்கெல்லாம் பலகை வைக்க வேண்டியதில்லை என்பதை அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ளலாம். பலகையை வைத்து ஊரின் மொழிகளை எண்ணப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதையும்தான்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். கடைகள், நிறுவனங்கள் பற்றிய தமிழ்நாட்டு விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில் வர வேண்டும். ஐந்து பங்கு தமிழ், மூன்று பங்கு ஆங்கிலம், இரண்டு பங்கு வேறு மொழி என்று கணக்கும் சொல்கிறார்கள். சாரதா கல்லூரி சாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கண்ணாடிக் கட்டடத்து உச்சியில் ஆங்கிலம் இரவெல்லாம் எரிகிறது. தமிழ் ஒரு மூலையில், வாடகை பாக்கி வைத்தவர் மாதிரி ஒதுங்கி நிற்கிறது. இந்திக்கு எதிராகப் பாய்கிற நாம் இதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கப் போய்விடுகிறோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் அந்தக் கடைக்கு வர மாட்டார் என்று முதலாளி நினைக்கிறாரோ என்னவோ. துணிக்கடைக்குச் சரி. ஸ்கேன் சென்டருக்கும் இதையே செய்தால் எப்படி?

கனடாவில் பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணத்தில் 1977இல் சட்டம் போட்டு வணிகப் பலகைகளில் பிரெஞ்சு மட்டும் என்றார்கள். 1988இல் கனடா உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1993இல் பிற மொழியும் இருக்கலாம், பிரெஞ்சு தூக்கலாகத் தெரிய வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். நம் ஐந்து, மூன்று, இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட அதே புத்திதான். நம்மிடம் குறைவாக இருப்பது டேப் பிடித்து அளக்கிற ஆள்.

அப்புறம் தமிழிலேயே இருக்கும் சிக்கல். ஒரு பெரிய மருத்துவமனையில் ‘கதிரியக்கவியல் துறை’ என்று அழகான தமிழில் எழுதியிருக்கிறது. அதன் கீழேயே நின்றுகொண்டு ஒரு பாட்டி ‘எக்ஸ்ரே எங்க கண்ணு எடுக்கறாங்க?’ என்று கேட்கிறார். துறையின் பெயர் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ‘எக்ஸ்ரே’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, ஒரு எலும்புப் படமும் போட்டால் பாட்டிக்கும் ஆச்சு, பீகார்க்காரருக்கும் ஆச்சு. சொற்சுத்தம் பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் இதே ஊரில் ‘ஐந்து ரோடு’, ‘நாலு ரோடு’, ‘மூணு ரோடு’ என்று சொல்லித்தானே பஸ் ஏறி இறங்குகிறோம்? கண்டக்டர் கூப்பிடுகிற பெயர் பலகையிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது தமிழுக்குத் துரோகம் ஆகாது.

மலைக்கு வருவோம். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. இந்த ஊரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பலகைகள் அவை. எந்த மொழிக்காரருக்கும் எண் புரியும். வண்டி பழுதானால் ‘பதினோராவது வளைவில் நிற்கிறேன்’ என்று போனில் சொன்னால் போதும். வார இறுதியில் பெங்களூரிலிருந்து கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. மலைச்சாலை பழகாதவர்கள் இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று கோரிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ‘இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.’ இந்த இரண்டு வரியை மட்டும் தமிழ், ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் எழுதி, இறக்கம் தொடங்கும் இடத்தில் வையுங்கள். உயிர் போகிற விஷயத்தில் மொழிக் கணக்கு பார்க்கக் கூடாது. பக்கத்து மாநிலத்துக்கு இந்த மரியாதையைச் செய்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. காவிரிச் சண்டையை அதற்கான இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மேலே போனபின் கதை வேறு. முச்சந்தி வந்தால் ரிசார்ட் அம்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக, எல்லாம் ஆங்கிலத்தில். அந்த அம்புக் கூட்டத்துக்கு நடுவே நாகலூருக்கு எது வழி, மஞ்சக்குட்டைக்கு எது வழி என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. மலையில் காலங்காலமாக இருக்கும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். பேசுவது தமிழ். (கேரளத்தவர் என்று நினைத்துக்கொண்டு அவர்களிடம் மலையாளத்தில் பேச முயலும் சுற்றுலாப் பயணிகளை என்ன சொல்ல!) அவர்களுக்கு லேடீஸ் சீட்டுக்கும் பகோடா பாயிண்ட்டுக்கும் அம்புக்குறி வேண்டாம். சேலத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தமிழில் பெரிதாக எழுதிய பலகை வேண்டும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்துக்கும் அதேதான் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? புதிய பலகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், அந்த இடத்து வாட்ச்மேனையோ பஸ் நிலைய டைம் கீப்பரையோ கூப்பிட்டு, ஜனங்கள் உங்களிடம் தினமும் கேட்கிற கேள்வி என்ன, எந்த மொழியில் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பலகையில் எழுத வேண்டியது அவர் வாயிலிருந்தே வந்துவிடும். வடக்கிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் இந்தி என்று நாமாக முடிவு கட்டிவிட வேண்டாம். ஒடியா, வங்காளம், அசாமியம் பேசுகிறவர்களும் இந்த ஊரில் செங்கல் சுமக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். தமிழ்க்காரர்களிலும் இருக்கிறார்கள். அந்த இடங்களில் படமும் எண்ணும் தரையில் வண்ணக் கோடும் போதும். எழுதுகிற தமிழை ஃப்ளெக்ஸ் கடைக் கணினியின் மொழிபெயர்ப்பை நம்பி விடாமல், அடிப்பதற்கு முன் ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். ஒற்று விழுந்தும் கொம்பு இடம் மாறியும் நிற்கும் அரசுப் பலகையைப் பார்த்துத்தான் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் பழகுகிறது.

கடைசியாக ஒன்று, இதற்குப் பணமே செலவில்லை. ஏற்கெனவே நன்றாக இருக்கும் பலகைகளின் மேல் ஒட்டியிருக்கும் கல்யாண வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை மாதம் ஒருமுறை கிழித்துவிட ஒரு ஆள் போடுங்கள்.

இப்படிக்கு,
ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு சேலம்வாசி