ஞாயிறு பேச்சு: பெக்கி சேம்பர்ஸ்

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்குப் பெக்கி சேம்பர்ஸ் பற்றிப் பேசுகிறோம். அறிவியல் புனைகதை எழுதும் கலிஃபோர்னியாக்காரர். முதல் நாவலை எழுதி முடிக்கும்வரை பிழைப்பு ஓட வேண்டுமே? அதற்காக 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வழியாகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். 2014இல் தானே வெளியிட்டார். மறு வருடமே ஹாடர் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அந்த நாவலில் தொடங்கிய தொடருக்கு 2019இல் ஹியூகோ விருது, அதாவது அறிவியல் புனைகதைக்கான பெரிய விருது.

எனக்குப் பிடித்தது வேறு. அந்த முதல் நாவலில், விண்கப்பலில் எழுத்தர் வேலைக்கு வரும் ரோஸ்மேரிக்கும், செதிலும் இறகும் கொண்ட வேற்றினத்து விமானி சிசிக்ஸுக்கும் காதல் வருகிறது. இருவரும் பெண்கள் என்பது அங்கே யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. (கதையைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

அப்புறம், இப்படிப்பட்ட கதைகளை எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமாவது கொண்டு வாருங்கள்.