காட்டில் பூச்சி இருக்கக்கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிண்டி தேசியப் பூங்கா பற்றிச் சென்ற வாரம் வந்த செய்தியில், "விழுந்த மரங்கள் அகற்றப்படாமல் மக்கி, பூச்சிகளின் கூடாரமாகக் கிடக்கின்றன" என்று ஒரு வரி இருந்தது. காட்டுக்குள் பூச்சி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன உங்கள் நிருபருக்கு நன்றி. மெரினா பக்கம் போனால் கடலில் மீன் இருப்பதையும் எழுதுவார் என்று நம்புகிறேன்.

தேசியப் பூங்காவுக்குள் விழுந்த கட்டையை இஷ்டத்துக்கு எடுத்துப்போக 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சட்டம் கிடக்கட்டும். அங்கே மானுக்குப் புல் முளைக்கிற மண்ணுக்கு யார் உரமூட்டை இறக்குகிறார்கள்? அந்த வேலையைச் செய்வதே நீங்கள் திட்டியிருக்கும் பூச்சிகள்தான்.

மரம் செத்த உடனே பட்டைக்கடியில் வண்டுகள் துளை போடும். நீள்கொம்பு வண்டின் புழு மாதக்கணக்கில், சில இனங்களில் வருடக்கணக்கில், மரத்தைத் தின்று உள்ளேயே வளரும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சை இறங்கும். கட்டை இளகிய பிறகு கரையான், எறும்பு, மரவட்டை எல்லாம் வரும், அவற்றைப் பிடிக்கப் பூரானும் தேளும் வரும். நாம் கருவண்டு என்று துடைப்பத்தால் அடிக்கிற தச்சுத் தேனீயும் காய்ந்த கட்டையைக் குடைந்துதான் முட்டையிடுகிறது. கத்தரிப் பூவிலும் துவரைப் பூவிலும் மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பங்குண்டு. மரத்தூளைத் தின்கிற ஒரு புழு யாரைக் கடித்து என்ன நோயைப் பரப்பியது என்று நிருபரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

வங்கி வேலையாக நான் வால்பாறையில் இருந்தபோது, சோலை ஓரம் மக்கிக் கிடந்த ஒரு கட்டையை எஸ்டேட் நண்பர் ஒருவர் புரட்டிக் காட்டினார். பளபளவென்று கருத்த வண்டுகள், பக்கத்திலேயே புழுக்கள். பெரியவை மரத்தை மென்று புழுக்களுக்குக் கொடுக்குமாம். ஒன்றைக் கையில் எடுத்தேன், கீச்சென்று கத்தியது. குடும்பமாக வாழ்கிற வண்டு! இதையெல்லாம் எழுத உங்களுக்கு இடம் இருக்காது. கரையான் மருந்து விளம்பரத்துக்கு மட்டும் ஞாயிறுதோறும் அரைப் பக்கம் இருக்கிறது.

கரையான் என்றதும் நினைவுக்கு வருகிறது. மழை விட்டதும் விலை பேசி வாங்குகிறோமே புற்றுக்காளான், அது கரையான்கள் மென்ற மரத்தூளின்மேல் புற்றுக்குள் வளர்க்கிற பூஞ்சையிலிருந்து முளைப்பது. இரண்டு வருடங்களுக்கு முன் "மரங்களைக் கொல்லும் கரையான்" என்று தலைப்புப் போட்டீர்கள். மரத்தில் மண் பூசி ஏறுகிற கரையான் பெரும்பாலும் தின்பது செத்த மேல்பட்டையைத்தான். அப்போதும் கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, சரி, போகட்டும்.

2016 டிசம்பர் வர்தா புயலில் எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அடிமரத்தை மட்டுமாவது எங்கள் தெருப் பூங்கா மூலையில் போட்டு வையுங்கள் என்று வெட்ட வந்தவர்களிடம் கெஞ்சினேன். "பாம்பு வரும் சார்" என்று துண்டு போட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அந்த மூலையில் சிமெண்ட் தளமும் ஒரு சிமெண்ட் மானும் இருக்கின்றன. விழுகிற சருகை அன்றன்றைக்கே கூட்டி எரிக்கிறார்கள். முன்பெல்லாம் காலையில் பொன்முதுகு மரங்கொத்தி சத்தம் கேட்கும். கொத்துவதற்குக் கட்டை இருந்தால்தானே அது வரும்? மரம் நட்டால் பத்துப் பேர் நிற்கிற படம் உங்கள் பத்திரிகையில் வருகிறது. நட்ட மரம் ஒருநாள் சாகும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. அடுத்த முறை இதுபோல எழுதுவதற்கு முன் நிருபர் அங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை பேசட்டும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், விளம்பரம் பற்றிய வரியை வெட்டாமல் வெளியிடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
அடையாறு, சென்னை