மாலை மரியாதை முடிந்த பிறகும் கதவு திறந்திருக்கட்டும்

சுங்கை சிப்புட் நவீனக் கலைக் கண்காட்சியின் ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ரப்பர் ஷீட்டுகளைப் புகையூட்டி உலர்த்திய பழைய கட்டடத்தைச் சீர்செய்து, பெரும்பாலும் கோலாலம்பூரோடு நின்றுவிடும் பரிசோதனைக் கலையை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தமைக்கு முதலில் என் நன்றி. திறப்பு விழாவுக்குத் திரண்ட கூட்டம் உங்கள் உழைப்புக்குக் கிடைத்த வெற்றிதான். ஆயினும், அந்த நெரிசலில் படைப்புகளை யாராலும் பார்க்க முடியவில்லை என்பதையும், அவற்றை முதலில் பார்த்திருக்க வேண்டிய ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர்கள் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமல் பாதியிலேயே வீடு திரும்பினார்கள் என்பதையும் தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

கூரையிலிருந்து தொங்கிய, ரப்பர்ப்பால் பிடிக்கும் மங்குகளில் சொட்டுச் சொட்டாக ஓசை விழும்படி அமைத்த படைப்பு, ஆளரவமற்ற ரப்பர் மர நிரையில் விடியற்காலையில் நின்றவர்கள் அறிந்த அமைதியைக் கேட்கச் சொல்கிறது. பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் அறிவிப்புகள் ஒலிபெருக்கியில் தொடர்ந்ததால், அன்று அது வெறும் தோரணமாகவே தொங்கியது.

மரப்பட்டையின் மேல் ரப்பர்ப்பாலை ஊற்றி, உறைந்த பின் உரித்தெடுத்த அச்சின் முன்னால் நடந்ததை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். பால் மரத்தில் வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரியும். பட்டைக்குள் பால் நாளங்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் கூடுதலான நாளங்கள் அறுபட்டு நிறையப் பால் வடியும். அச்சிலோ இடவலம் மாறிவிடும். கூட்டத்தில் நசுங்கியபடி அதை எட்டிப் பார்த்த ஒரு பாட்டி, "வெட்டு மாத்தி எறங்குதே, இதுல பால் கம்மியாத்தான் வரும்" என்றார். கலைஞர் அதை அறிந்தே அப்படி விட்டாரா? அவர் சில அடி தூரத்தில்தான் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. அந்தக் கண்காட்சியில் நிகழ்ந்திருக்கக்கூடிய மிகச் சிறந்த உரையாடல் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

"இதெல்லாம் கலையா?" என்று கேட்டவர்களையும் குறை சொல்வதற்கில்லை. 1974இல் கோலாலம்பூரில் மலேசியக் கலைஞர்களான ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஏசாவும் வெறும் பறவைக்கூண்டையும் எரிந்து தீர்ந்த கொசுவத்திச் சுருளையும் காட்சிக்கு வைத்தார்கள். புழங்கிய பொருளை நிதானமாகப் பார்க்கச் சொல்லும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதை ஒரு பலகையில் தமிழில் எழுதியிருந்தால், கேட்டவர்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். தோட்டத்துப் பொருள்களால் ஆன கண்காட்சியில் விளக்கக் குறிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தது பெரிய குறை.

ஆகவே, கண்காட்சி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மேடையும் ஒலிபெருக்கியும் இன்றி, பால்வெட்டியவர்களுக்காக ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கலைஞர்களும் உடனிருக்க வேண்டும், சிறு சிறு குழுக்களாக உள்ளே விட வேண்டும், நாற்காலிகள் வேண்டும். குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவதையும், தோட்டங்களிலிருந்து பெரியவர்களை வேனில் அழைத்து வருவதையும் நானும் நண்பர்களும் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். தேதியை மட்டும் நீங்கள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட்