சக்கரத்தைப் பாதியில் நிறுத்தியவர்களுக்கு

‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரைத் தயாரித்து, மூன்று சீசன் காட்டி, பிறகு நிறுத்திவிட்ட அமேசான் பிரைம் வீடியோ என்ற ஓடிடி நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2025 மே 23 அன்று வெளியான உங்கள் முடிவைப் பற்றி எழுதுகிறேன். என்ன முடிவு என்று நான் விளக்க வேண்டியதில்லை, எடுத்தவர்களே நீங்கள்தான். மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட் வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஆகிற செலவுக்கு ஏற்ற அளவில் ஆட்கள் பார்க்கவில்லை என்று செய்திகளில் காரணம் வந்தது. சரி, தொழில் என்றால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். நஷ்டத்தில் கடை நடத்துங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். கதையை முடித்துத் தாருங்கள். இன்னொரு சீசன் தர முடிந்தால் மகிழ்ச்சி. அதற்கு வழியில்லை என்றால் இரண்டரை மணி நேரத்தில் ஒரு நிறைவுப் படம். அதுவும் போதும்.

கதை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ‘ஐஸ் செடாய்’ என்ற மந்திர சக்திப் பெண்களின் இடமான வெள்ளைக் கோபுரத்தின் தலைவி சுவான் சாஞ்சேயை, அதே கோபுரத்து எலைடா சதி செய்து இறக்கினாள், தலையையும் வெட்டவைத்தாள். அந்தக் கொலைக்குக் கணக்குத் தீர்க்க யாராவது வருவதற்குள் நீங்கள் திரையை இறக்கிவிட்டீர்கள். சொந்த ஊரைக் காப்பாற்றிய பெரின், கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்று வெண்ணங்கிப் படையிடம் தானாகப் போய்ச் சரணடைந்தான். போனவன் போனவன்தான். பகை உள்ளே வராமல் இருக்க வாசலை மூடப் போன லோயல் என்ன ஆனான் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இதெல்லாம் கிளைக்கதைகள் என்று நீங்கள் சொல்லலாம். முதன்மைக் கதையாவது நகர்ந்ததா? இதில் வரும் மந்திர சக்தி வரமாகக் கிடைத்தது அல்ல. அதில் ஆண்கள் தொடுகிற பாதியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் கலந்த நஞ்சு அப்படியே இருக்கிறது. அதைத் தொட்டவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பித்துப் பிடித்து, கடைசியில் தன் மனைவி மக்களையே கொன்றுவிடுவான். உலகைக் காக்கப் பிறந்தவன் என்று சொல்லப்படுகிற ராண்டும் அந்தச் சக்தியைத்தான் தொட்டாக வேண்டும். தொட்டால் பைத்தியம், தொடாவிட்டால் உலகம் போய்விடும். இவன் எப்படித் தப்பிப்பான் என்பதுதானே கதை? அந்தக் கேள்வியை 2021 நவம்பரில் கேட்டீர்கள், 2023 செப்டம்பரில் மறுபடி கேட்டீர்கள், 2025 மார்ச்சில் இன்னும் அழுத்தமாகக் கேட்டீர்கள். பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் எழுந்து போய்விட்டீர்கள்.

இதனால் யாருக்கு என்ன கஷ்டம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

சத்துணவு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் செய்யாறு பக்கம். ஆங்கிலம் தெரியாது. நீங்கள் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டதால்தான் இந்தத் தொடர் அவர் கண்ணில் பட்டது. அதற்கு நன்றி, இதை மனதாரச் சொல்கிறேன். ஐஸ் செடாய்களில் ஒருத்தியான மொய்ரைனுக்கு அவர் வைத்த பெயர் நீலச்சட்டை அம்மா. எலைடா வெறும் ‘சிவப்புக்காரி’. மொய்ரைனுக்குக் காவல் நிற்கும் வார்டரான லான் மீது தனிப் பிரியம். தான் காவல் நிற்கும் ஐஸ் செடாய்க்குக் காயம் பட்டால் வார்டருக்கும் வலிக்கும், அவள் செத்தால் பெரும்பாலும் அவனும் தாங்கமாட்டான் என்று முதல் சீசனிலேயே காட்டினீர்களே, அதிலிருந்து லான் திரையில் வந்தாலே இவருக்குப் பதற்றம். யுகம் சுழலும், வீரர்கள் மறுபடி பிறப்பார்கள், முன்பிறவி நினைவு வந்து படுத்தும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை, கதை நேராக உள்ளே போய்விட்டது.

தொடர் நின்றுவிட்டது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. “பணம் கட்டலையாப்பா?” என்று கேட்டார். கட்டியிருக்கிறேன் பெரியம்மா, அவர்கள்தான் இனி எடுக்கப்போவதில்லையாம் என்றேன். “பாதிக் கதையில எவனாவது நிறுத்துவானா? உனக்குக் கைநீட்ட மனசில்ல, அதான் சாக்கு சொல்ற” என்றார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். உங்கள் சந்தாவுக்காம். அந்தச் சிவப்புக்காரிக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்தாக வேண்டுமாம்.

அவர் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் ஊரில் பாரதக் கூத்து நடக்கும். மழை வரட்டும், கட்டியங்காரனுக்குத் தொண்டை கட்டட்டும், துரியோதனன் படுகளம் ஆகாமல் வாத்தியார் மூட்டை கட்ட முடியாது. பத்தாம் போரோடு போதும், இந்த ஆண்டு கூட்டம் சரியில்லை என்று சொல்லிப் பார்க்கட்டுமே.

‘மூலக்கதை புத்தகமாக இருக்கிறதே, அதைப் படித்துக்கொள்ளலாமே’ என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடும். பதினான்கு புத்தகங்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம், எல்லாம் ஆங்கிலத்தில். என் பெரியம்மாவுக்கு அந்த வழி இல்லை என்பது இருக்கட்டும். புத்தகம் படிக்கிறவர்களுக்குமே உங்கள் கதையின் முடிவு அதில் இல்லை. புத்தகத்தில் சுவான் பதவியையும் சக்தியையும் இழந்தாலும் உயிரோடு தப்பிக்கிறாள், பின்னால் வரும் புத்தகங்களில் அவளுக்கு நிறைய வேலை இருக்கிறது. நீங்கள் தலையை வெட்டிவிட்டீர்கள். அப்படியானால் அவள் செய்ய வேண்டியதை இனி யார் செய்வது? நீங்கள் போட்ட முடிச்சு இது, அவிழ்க்கும் விடை எந்தக் கடையிலும் விற்பதில்லை. கதையை மாற்றியதற்காக நான் குறை சொல்லவில்லை. ராண்ட் தன் முன்னோர்களின் வாழ்க்கைக்குள் நுழைந்து பார்க்கிற அந்த மூன்றாம் சீசன் நான்காம் எபிசோடில், எல்லா முன்னோராகவும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியையே நடிக்கவைத்தது அருமையான வேலை. அந்த சீசனுக்கு ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களிடம் 97 சதவீதம் கிடைத்தது. மாற்றும் துணிவு இருந்தவர்களுக்கு முடிக்கும் பொறுப்பும் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கதையை எழுதியவர் எப்படி நடந்துகொண்டார் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ராபர்ட் ஜோர்டனின் முதல் புத்தகம் 1990-இல் வந்தது. 2006-இல் தனக்கு அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோய், அதுவும் இதயத்தைத் தாக்கியிருக்கிறது என்று வாசகர்களுக்கு அவரே தெரிவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். இடையில் கிடைத்த நாட்களில் என்ன செய்தார்? தான் போய்விட்டாலும் வாசகர்களுக்கு முடிவு கிடைக்க வேண்டும் என்று குறிப்புகள் எழுதினார், முடியாதபோது வீட்டாரிடம் வாயால் சொல்லிப் பதியவைத்தார். அவர் மனைவி ஹேரியட் மெக்டூகல்தான் அவருடைய பதிப்பாசிரியரும். கணவர் இறந்த துக்கத்தோடே பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேடிப் பிடித்து அந்தக் குறிப்புகளைக் கையில் கொடுத்தார். கடைசிப் புத்தகம் ஒன்றுதான் என்று தொடங்கினார்கள். அடங்கவில்லை, மூன்றானது. 2009, 2010, 2013 என்று மூன்றையும் கொண்டுவந்து முடித்தார்கள். சாகிற மனிதரும் அவர் மனைவியும் முன்பின் தெரியாத வாசகர்களுக்காகச் செய்தது அது. உங்களிடம் இருக்கும் வசதியில் நூறில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்திருக்காது.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018-இல் ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரை வேறொரு சேனல் நிறுத்தியது. அதுவும் மூன்று சீசனோடுதான். ரசிகர்கள் பணம் சேர்த்து, அதைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையோடு ஒரு விமானத்தை உங்கள் ஸ்டுடியோவுக்கு மேலேயே பறக்கவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் உங்கள் நிறுவனரே மேடையில் நின்று, தொடர் பிழைத்துவிட்டது என்று அறிவித்தார். மேலும் மூன்று சீசன் வந்தது. அன்றைக்கு அடுத்தவர் கைவிட்ட பிள்ளையைத் தூக்கி வளர்த்த நீங்கள், இன்றைக்குப் பெற்ற பிள்ளையைத் தெருவில் விட்டீர்கள். உங்கள் போட்டி நிறுவனம்கூட, 2017-இல் தான் நிறுத்திய ‘சென்ஸ்8’ தொடருக்கு ரசிகர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, அடுத்த ஆண்டே இரண்டரை மணி நேர நிறைவு எபிசோட் ஒன்றைக் கொடுத்தது. நான் கேட்பதும் அந்த அளவுதான்.

பத்துப் புத்தகக் கதையை இரண்டரை மணி நேரத்தில் அடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். எல்லாப் போரும் வேண்டாம், எல்லா நாடும் வேண்டாம். ராண்டைத் தின்னும் நஞ்சுக்கு ஒரு வழி, கோபுரத்துத் துரோகத்துக்கு ஒரு தீர்ப்பு, பெரின் வீடு திரும்புவது, லானும் அவன் காதலி நைனிவும் என்ன ஆனார்கள் என்பது. இந்த நான்கும் போதும். கடைசிப் போரைத் தொலைவில் புகையாகக் காட்டினால்கூட ஏற்றுக்கொள்வோம். முதல் சீசனில் ராண்டின் நண்பன் ‘மேட்’ என்ற பாத்திரத்தில் நடித்தவர் பாதியில் விலகி இரண்டாவதில் வேறு முகம் வந்தபோதும் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நாங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்து பயனில்லை. மே மாதம் கதையை நிறுத்தினீர்கள். ஜூன் 17 முதல் இந்தியாவில் படங்களுக்கும் தொடர்களுக்கும் நடுவே விளம்பரம் வரத் தொடங்கியது. ‘குறைந்த அளவு விளம்பரம்’ என்று பணிவாக அறிவித்திருந்தீர்கள். அதுவும் வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்டலாம் என்று அப்போது சொன்னீர்கள். ஆக, முடிவில்லாத கதையை இடைவேளையோடு பார்க்கலாம், காசு கொடுத்தால் இடைவேளை இல்லாமல் பார்க்கலாம், முடிவு மட்டும் எந்தத் திட்டத்திலும் கிடையாது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற இன்னொரு மாயக் கதைக்கு உரிமை வாங்க மட்டுமே சுமார் 25 கோடி டாலர் கொடுத்தீர்கள் என்று செய்தி வந்ததே, அந்தக் கதைக்காவது கடைசிவரை போகும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். இனி புதுத் தொடர் ஒவ்வொன்றின் முகப்பிலும், வயது வரம்புக்குப் பக்கத்திலேயே, ‘இந்தக் கதை முடிக்கப்படும்’ அல்லது ‘முடிக்கப்படாது’ என்று எழுதிவிட்டால் எங்களுக்கும் வசதி. புகை பிடித்தல் தீங்கு என்று போடுகிறீர்களே, அதற்குக் கீழே இதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் தடம் மாறிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைத் திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். கதையை முடித்துத் தாருங்கள். ஒரு சீசன், இல்லையென்றால் ஒரு படம். உங்களால் எதுவும் இயலாது என்றால், முடிக்க விரும்பும் வேறு யாராவது வரும்போது குறுக்கே நிற்காதீர்கள், உரிமையை விட்டுக்கொடுங்கள். யார் எடுத்தாலும் தமிழ்க் குரலும் வேண்டும், முடிந்தால் மொய்ரைனுக்கும் லானுக்கும் இதுவரை பேசியவர்களே பேச வேண்டும். குரல் மாறினால் பெரியம்மா இது வேறு கதை என்று சொல்லிவிடுவார்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எழுதினால் மகிழ்வேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று தானாக வரும் மின்னஞ்சல் மட்டும் வேண்டாம். அந்த ஐந்நூறு ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எந்தக் கணக்கில் கட்டுவது என்று தெரிவித்தால் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டிவரும் ஒருவன்